ஒட்டும் இடத்தில் மறையும் பரப்பு

கோவைப் பவுண்டரி ஒன்றிலிருந்து போன வார்ப்பு திரும்பி வருகிறதென்றால், பல நேரங்களில் அதன் குறை வெளியே தெரிவதில்லை. பெயின்ட் அடித்து நிறுத்தினால் நல்ல வார்ப்புக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. லேத்தில் ஏற்றிக் கடையும்போது தெரியும். அதிலும் தப்பித்தால், உள்ளே தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது சுவரில் ஏதோ ஓரிடம் வியர்க்கும். அந்த இடத்தை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒழுங்கற்ற குழிகள். தொழிலில் இதற்கு ஷ்ரிங்கேஜ் என்று பெயர்.

அந்தக் குழி எங்கே விழுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். குழாயோடு அதன் விளிம்புத் தட்டான ஃபிளாஞ்ச் சேரும் இடம், சுவரோடு அதைத் தாங்கும் ரிப் சேரும் இடம், தகடு மேல் கனமான போல்ட் குமிழ் உட்காரும் இடம் என்று, பெரும்பாலும் இரண்டு உருவங்கள் சந்திக்கும் இடத்தில்தான் விழுகிறது. ஏன் அங்கே என்ற கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அளவியல் பாடத்தில், இணைந்த உருவங்களின் புறப்பரப்பு பற்றிய பகுதி அது.

கொங்கு நாட்டில் இந்தக் கணக்குக்கு ஒரு தொழிற்சாலை வாசல் எப்போதும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களை அகழாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். நவீன காலத்துக் கதை 1888இல் ஸ்டேன்ஸ் மில் எனப்படும் நூற்பாலையோடு தொடங்குகிறது. ஆலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் வேண்டியிருந்தது. வானம் பார்த்த காடுகளில் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டே போன குடியானவருக்குப் பம்ப் வேண்டியிருந்தது. 1930களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின்சாரம் வந்ததும் இரண்டு தேவையும் ஒன்றாகச் சேர்ந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் செய்த மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகக் கருதப்படுகிறது. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர், பிறகு அரசூர் என்று பவுண்டரிகள் பரவின. பம்ப் உடல், மோட்டார் உடல், கிரைண்டர் பாகம், வால்வு, கியர் பாக்ஸ் என அங்கே வார்க்கப்படும் எதுவுமே தனி உருளையோ தனி கனச்செவ்வகமோ அல்ல. எல்லாமே இணைந்த உருவங்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஆரம் 10 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள ஒரு பெரிய உருளை. அதன் தலையில் நடுவாக, ஆரம் 5 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள சின்ன உருளை. புல்லியும் அதன் நடுக்குமிழும் ஏறக்குறைய இந்த உருவம்தான். இதன் மொத்தப் புறப்பரப்பு என்ன?

தனித்தனியாகப் பார்த்தால் பெரிய உருளைக்கு 400 பை (π), சின்னதற்கு 150 பை, கூட்டினால் 550 பை. பையின் மதிப்பைப் போட்டால் 1,728 சதுர செ.மீ. இந்த இடத்தில்தான் பாதி வகுப்பு நின்றுவிடுகிறது. சின்ன உருளையின் அடிவட்டம் 25 பை. அது பெரியதன் மேல் உட்கார்ந்ததும் வெளியே தெரியாமல் போகிறது. அத்தோடு முடியவில்லை: அது உட்கார்ந்த இடத்தில் பெரிய உருளையின் தலையிலும் அதே 25 பை மூடப்படுகிறது. ஓர் ஒட்டுக்கு இரண்டு முகம் மறைகிறது. ஆகவே 50 பை கழித்து 500 பை, அதாவது 1,571 சதுர செ.மீ. ஒரு பக்கத்தை மட்டும் கழித்து 525 பை என்று எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. சூத்திரம் தெரிந்தும் உருவத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பழக்கம் இல்லாததால் வரும் பிழை அது.

இதே விடைக்கு இன்னொரு வழியிலும் வரலாம். அந்த வழியை நான் அதிகம் விரும்புகிறேன். உருவத்தை நேர் மேலிருந்து பாருங்கள். சின்ன உருளையின் தலைவட்டமும் அதைச் சுற்றிய வளையமும் சேர்ந்து, சரியாகப் பெரிய வட்டத்தை நிரப்புகின்றன. உயரம் வேறானாலும் மேல்நோக்கிய கிடைமட்டப் பரப்பு மொத்தம் 100 பைதான். அடியில் இன்னொரு 100 பை. மிச்சம் இரண்டு உருளைகளின் வளைபரப்பு: 200 பையும் 100 பையும். மொத்தம் 500 பை. கழித்தலே தேவைப்படவில்லை. மேலே போகப் போகக் குறுகும் எந்தப் படிக்கட்டு வடிவத்துக்கும் இது பொருந்தும். பத்து அடுக்கு வைத்தாலும் மேல்நோக்கிய தட்டைப் பரப்பு அடித்தளத்தின் அளவைத் தாண்டாது. கூடுவதெல்லாம் பக்கச்சுவர்தான்.

இனி இதை மணல் அச்சுக்குள் கொண்டுபோவோம். எஃகு சுமார் 1,600 டிகிரி செல்சியஸில் அச்சுக்குள் ஊற்றப்படுகிறது. உறைவதற்கு அது வெப்பத்தை வெளியே விட்டாக வேண்டும். விட வேண்டிய வெப்பத்தின் அளவை உலோகத்தின் கன அளவு தீர்மானிக்கிறது. வெளியேறும் வழியைத் தீர்மானிப்பது மணலைத் தொடும் பரப்பு. அகலத் தட்டில் பரப்பிய சோறு சீக்கிரம் ஆறுவதும், குண்டானில் இருக்கிற அதே சோறு ஆறாமல் கிடப்பதும் இதனால்தான். ஆகவே எவ்வளவு நேரத்தில் உறையும் என்பது கன அளவைப் பரப்பால் வகுத்த ஈவைப் பொறுத்தது. பவுண்டரிகளில் இந்த ஈவை மாடுலஸ் என்பார்கள்.

உறையும் நேரம் இந்த ஈவின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்று 1940இல் ஜெர்மன் மொழி வார்ப்புத் தொழில் இதழ் ஒன்றில் எழுதியவர் செக்கோஸ்லோவாகியப் பொறியாளர் நிக்கோலாஸ் குவோரினோவ். வர்க்கம் எங்கிருந்து வந்தது? மணல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலோகத்தை ஒட்டிய மணல் சூடேறச் சூடேற, அதற்குப் பின்னால் இருக்கும் மணலுக்கு வெப்பம் போகும் வேகம் தளர்கிறது. முதல் நிமிடத்தில் போன வெப்பத்தைப் போல இரண்டு மடங்கு போக வேண்டுமானால் நான்கு நிமிடம் ஆகிறது. மூன்று மடங்குக்கு ஒன்பது நிமிடம். வெளியேறும் மொத்த வெப்பம் நேரத்தின் வர்க்கமூலத்தோடு நடப்பதால், நேரம் மாடுலஸின் வர்க்கத்தோடு நடக்கிறது. இந்த வர்க்கம்தான் நம் ஒட்டுக் கணக்கைக் கூர்மையாக்குகிறது. பரப்பில் செய்த சின்னப் பிழை நேரத்தில் பெரிதாகிவிடும்.

நமது இரண்டு உருளைகளையே எடுத்துக்கொள்வோம். சின்ன உருளையின் கன அளவு 250 பை. ஒட்டைக் கழிக்காமல் பரப்பை 150 பை என்று வைத்தால் மாடுலஸ் 1.67 செ.மீ. ஆனால் அதன் அடிவட்டம் மணலைத் தொடவில்லை; அங்கே இன்னொரு சூடான உலோகம்தான் இருக்கிறது. கழித்தால் பரப்பு 125 பை, மாடுலஸ் 2.0 செ.மீ. இரண்டையும் வர்க்கப்படுத்தி ஒப்பிட்டால், அது உறைய ஆகும் நேரம் முதலில் நினைத்ததைவிட 44 சதவீதம் அதிகம். பெரிய உருளைக்கு மாடுலஸ் 2.5 என்பது 2.67 ஆகிறது, நேரம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் போகக் காரணமான அதே 25 பைதான், இங்கே உறையும் நேரத்தில் ஏறத்தாழப் பாதியை மாற்றிவிடுகிறது.

கடைசியில் உறையும் இடம் எது என்று ஏன் இவ்வளவு கவலை? உறையும்போது உலோகம் சுருங்குகிறது. எஃகு கன அளவில் சுமார் 3 சதவீதம், அலுமினியம் 6 முதல் 7 சதவீதம். முதலில் உறையும் பகுதி தன் குறையைப் பக்கத்தில் இன்னும் திரவமாக இருக்கும் பகுதியிலிருந்து இழுத்து நிரப்பிக்கொள்ளும். அடுத்தது அதற்கடுத்ததிலிருந்து. கடைசியாக உறையும் இடத்துக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. மொத்தக் குறையும் அங்கே சேர்ந்து குழியாகிறது.

இப்போது ரிப் விஷயத்துக்கு வரலாம். 2 செ.மீ. தடிமனுள்ள ஒரு சுவர். அதில் செங்குத்தாக இன்னொரு 2 செ.மீ. தடிமன் ரிப் வந்து முட்டுகிறது. சுவரின் மாடுலஸ் என்பது இரண்டு பக்கமும் மணல் இருப்பதால் தடிமனில் பாதி, 1 செ.மீ. இரண்டும் சந்திக்கும் சதுரக் கட்டையை மட்டும் தனியாக எடுங்கள்: 2க்கு 2, நீளம் 1 செ.மீ. கன அளவு 4. அதன் நான்கு பக்க முகங்களில் மூன்று, உலோகத்தோடு ஒட்டியவை. ஒன்று மட்டுமே மணலைத் தொடுகிறது. அதன் பரப்பு 2. மாடுலஸ் 2 செ.மீ. சுவரின் மாடுலஸைப் போல இரண்டு மடங்கு, நேரத்தில் நான்கு மடங்கு. வரைபடத்தில் எல்லா இடமும் ஒரே தடிமன். சரிசமமாக வடிவமைத்தேன் என்று டிசைனர் நிம்மதியாக இருக்கிறார். சந்திப்பு மட்டும் மற்ற இடமெல்லாம் உறைந்த பிறகும் உருகிய நிலையில் காத்திருக்கிறது.

ரிப் சுவரைக் கடந்து மறுபக்கமும் நீண்டு, பெருக்கல் குறி மாதிரி நான்கு கையும் சந்தித்தால்? நடுக்கட்டைக்கு வெளிமுகமே இல்லை. பரப்பு சுழி, சூத்திரப்படி அது உறையவே கூடாது. உண்மையில் அது உறைகிறது, ஏனென்றால் கைகள் வழியாகவும் வெப்பம் கசிகிறது. மேலே சொன்ன நான்கு மடங்கிலும் இதே காரணத்தால் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஒட்டிய முகம் வழியாக வெப்பமே போகாது என்று நாம் வைத்துக்கொண்டது ஓர் எளிமையாக்கம். இரண்டு பக்கமும் ஒரே சூட்டில் இருக்கும்வரை அது சரி. ஒரு பக்கம் முன்னதாக ஆறத் தொடங்கியதும் தளர்கிறது. எனினும் எந்த இடம் ஆபத்தானது என்பதைக் கணக்கு சரியாகவே காட்டுகிறது. அதனால்தான் அனுபவமுள்ள வடிவமைப்பாளர்கள் எதிரெதிர் ரிப்புகளை ஒரே கோட்டில் வைக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள். நான்கு முகமும் மறையும் ஒரு சந்திப்புக்குப் பதிலாக, மூன்று முகம் மறையும் இரண்டு சந்திப்புகள். ரிப்பைச் சுவரைவிட மெல்லியதாகச் செய்வதும் இதே நோக்கத்தோடுதான்.

குழியை முற்றாக ஒழிக்க முடியாது; இடம் மாற்றலாம். வார்ப்போடு ஒட்டி, பின்னால் வெட்டி எறியப்போகும் ஓர் உலோகத் தொட்டியை வைத்து, அதைக் கடைசியாக உறைய வைத்தால் குழி அதற்குள் விழும். அதுதான் ரைசர். அதன் மாடுலஸ் வார்ப்பின் மாடுலஸைவிட 1.2 மடங்காவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. நம் உருவத்தைத் தலைகீழாக, கனமான உருளை மேலே வருமாறு அச்சில் கிடத்துவோம். பெரிய உருளைக்கு 2.67, அப்படியானால் ரைசருக்கு 3.2 செ.மீ. வேண்டும். விட்டமும் உயரமும் சமமாக உள்ள ரைசர், அடிமுகம் முழுவதும் வார்ப்பின் மேல் உட்கார்ந்தால், அதன் மாடுலஸ் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே 16 செ.மீ. விட்டம். கணக்கு முடிந்த மாதிரி இருக்கிறது.

ஆனால் முடியவில்லை. 16 செ.மீ. ரைசர் பெரிய உருளையின் முகத்தில் 64 பை பரப்பை மூடிவிட்டது. பெரிய உருளைக்கு மிஞ்சிய பரப்பு 311 பை. அதன் மாடுலஸ் 3.2க்கு ஏறிவிட்டது. உதவிக்கு வந்த ரைசரும் உதவி வேண்டிய வார்ப்பும் ஒரே நேரத்தில் உறையும். சரி, ரைசரைப் பெரிதாக்குவோம் என்றால் அது மூடும் பரப்பும் பெரிதாகிறது. 18 செ.மீ. போட்டால் 20க்கு மேல் தேவை என்கிறது கணக்கு; முழு முகத்தையும் மூடும் 20 செ.மீ. போட்டாலும் போதவில்லை. முகத்துக்குள் அடங்கும் ரைசரால் இந்தத் துரத்தலுக்கு முடிவில்லை.

வெளியேறும் வழி ஒட்டிலேயே இருக்கிறது. ரைசரை முழு அடியோடு உட்கார வைக்காமல், 8 செ.மீ. விட்டமுள்ள ஒரு குட்டைக் கழுத்தால் இணைத்தால் மறைவது வெறும் 16 பை. பெரிய உருளையின் மாடுலஸ் 2.79க்கு இறங்குகிறது, ரைசருக்கு வேண்டியது 3.34. கழுத்தைச் சுற்றிய ரைசரின் அடியும் இப்போது மணலைத் தொடுவதால் 20 செ.மீ. விட்டமும் உயரமும் உள்ள ரைசர் 3.42 தருகிறது. போதும். ஒரே சிக்கல், அந்த ரைசரின் கன அளவு 2,000 பை. வார்ப்பு முழுவதும் சேர்த்தே 1,250 பை. உருக்கியதில் பாதிக்கு மேல் மறுபடி உலைக்குத் திரும்புகிறது, மின்கட்டணம் இரண்டு முறை. அதனால்தான் ரைசரைச் சுற்றி வெப்பம் காக்கும் ஸ்லீவ் போடுகிறார்கள். அதன் பரப்பு அப்படியே இருக்கும், அந்தப் பரப்பு வழியாகப் போகும் வெப்பம் குறையும். ரைசரைச் சிறிதாக்கலாம். எதிர்த்திசையில் வேலை செய்வது ‘சில்’ (chill). கனமான இடத்தை ஒட்டி, மணலுக்குள் ஓர் இரும்புத் துண்டைப் பதிப்பார்கள். மணலைவிட அது வெப்பத்தை வேகமாக இழுப்பதால், அந்த இடத்துப் பரப்பு கூடியதைப் போலவே விளைவு இருக்கும்.

பம்ப் உடல்களுக்குப் பயன்படும் சாம்பல் வார்ப்பிரும்புக்கு இத்தனை பெரிய ரைசர் வழக்கமில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உறையும்போது அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டாகப் பிரிந்து விரிகிறது. அந்த விரிவு சுருக்கத்தின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஆனால் ஒட்டும் இடங்கள் கடைசியாக உறைவது அதற்கும் பொதுவானதே.

எந்தப் பரப்பைக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்வி, ஒட்டோடு நின்றுவிடுவதில்லை. 2 செ.மீ. தடிமன் ஃபிளாஞ்சில் 1.8 செ.மீ. விட்டத்தில் ஒரு போல்ட் துளை. துளை போட்டால் பொருள் குறையும், பரப்பும் குறையும் என்று தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. இரண்டு முகத்திலும் ஒவ்வொரு வட்டம் போகிறது. துளையின் உட்சுவர் புதிதாக வருகிறது. துளையின் ஆரம் ஃபிளாஞ்சின் தடிமனைவிடக் குறைவாக இருக்கும்வரை வருவது போவதைவிட அதிகம். இங்கே ஒரு துளைக்கு 6.2 சதுர செ.மீ. கூடுகிறது. ஆரம் தடிமனைத் தாண்டினால் போவது வருவதைவிட அதிகமாகிவிடும்.

கூடின பரப்பு என்பதால் வார்ப்பு அங்கே சீக்கிரம் ஆறிவிடுமா? ஆறாது. வார்க்கும்போதே துளை வேண்டுமென்றால் அங்கே துளையின் வடிவில் ஒரு மணல் கோர் நிற்க வேண்டும். விரல் தடிமனே உள்ள கோரைச் சுற்றிலும் உருகிய உலோகம். சில நொடிகளில் கோர் முழுவதும் சூடேறிவிடும். அதன் பின் வெப்பம் போக இடமில்லை. அளவுகோலுக்கு அது பரப்பு. வெப்பத்துக்கு அது பரப்பே அல்ல. உள்மூலைகளிலும் இதே கதை, இரண்டு சுவரிலிருந்து வரும் வெப்பத்தை ஒரே துளி மணல் வாங்க வேண்டியிருக்கிறது. வெளிமூலையில் நேர்மாறு: ஒரு மூலையைச் சுற்றி விசாலமான மணல். கையால் மாடுலஸ் போடும் பொறியாளர் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் எந்த முகத்தை முழுதாகச் சேர்ப்பது, எதைப் பாதியாக மதிப்பது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறார். பெயின்ட் அடிப்பவருக்கு இதே வார்ப்பில் வேறொரு கணக்கு. உள்ளே ஓடும் தண்ணீரின் உராய்வைப் பார்ப்பவருக்கு மூன்றாவது கணக்கு. பாடப்புத்தகம் மொத்தப் புறப்பரப்பு என்று ஒற்றை எண்ணைக் கேட்கிறது. எதற்காக என்று சொல்லிக் கேட்டால் பிள்ளைகள் தாமாகவே ஒட்டு முகத்தைத் தேடுவார்கள் என்பது என் நம்பிக்கை. பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறையில் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: பூச்சு 60 மைக்ரான் தடிமன், பவுடரின் அடர்த்தி தண்ணீரைப் போல ஒன்றரை மடங்கு என்றால், சிந்தாமல் சிதறாமல் ஒரு கிலோ 11 சதுர மீட்டரை மூடும். மறைந்த முகத்தையும் சேர்த்து மதிப்பிட்டவர் நஷ்டத்துக்குப் பவுடர் வாங்குவார்.

பரப்பை வேண்டுமென்றே பெருக்கும் இடமும் கோவையில்தான் இருக்கிறது. மோட்டார் உடலின் மேல் ஓடும் வரிவரியான துடுப்புகளை எல்லோரும் பார்த்திருப்போம். 20 செ.மீ. விட்டம், 25 செ.மீ. நீளம் உள்ள வழுவழுப்பான உடலின் வளைபரப்பு 1,571 சதுர செ.மீ. அதன் மேல் 2.5 செ.மீ. உயரமும் 0.4 செ.மீ. தடிமனும் உள்ள 40 துடுப்புகள். ஒவ்வொரு துடுப்பின் அடியும் உடலில் 10 சதுர செ.மீ.யை மறைக்கிறது, அதன் உச்சி அதே 10ஐத் திருப்பித் தருகிறது. இரண்டும் நேராகிவிட்டதால் கூடுவது பக்கங்கள் மட்டும்: இரண்டு பக்கச்சுவருக்கு 125, இரண்டு முனைகளுக்கு 2. நாற்பதுக்கும் சேர்த்து 5,080. மொத்தம் ஏறக்குறைய 6,650 சதுர செ.மீ., நான்கு மடங்குக்கும் மேல். துடுப்பின் நுனி அடியைவிடச் சூடு குறைந்திருப்பதால் குளிர்ச்சி அதே நான்கு மடங்கு கிடைக்காது. ஆனாலும் லாபம் பெரிது.

நூற்பாலைக்குள்ளும் தறிக்கூடத்துக்குள்ளும் போனால் இதுவே தலைகீழாகிறது. அங்கே காற்றில் பஞ்சு பறக்கிறது. துடுப்புகளுக்கு இடையில் அடைந்து பாய் விரித்துவிட்டால், பெருக்கி வைத்த பரப்பு முழுவதும் மூடிவிடும், மோட்டார் சூடேறும். அதனால் தறி மோட்டார்களைத் துடுப்பில்லாமல் வழுவழுப்பான உடலோடு செய்கிறார்கள். அதிகப் பரப்பைவிட, திறந்தே இருக்கும் பரப்பு மேல் என்று எடுத்த முடிவு அது. ஆழ்குழாய்க் கிணற்றில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாரும் வழுவழுப்பானதுதான், ஆனால் காரணம் வேறு: சுற்றிலும் ஓடும் தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தை எடுத்துப் போகிறது.

பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைக் கோபுரங்கள் இந்தக் கணக்கின் எளிய முகம். ஒவ்வொன்றும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்திய இடைக்கண்டங்கள். அடியில் 4 மீட்டர், உச்சியில் 2.4 மீட்டர் விட்டம், 60 மீட்டர் உயரம் என்று வைத்தால், சாயுயரத்துக்கும் நேர் உயரத்துக்கும் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். வெளிப்பக்கம் 603 சதுர மீட்டர் பெயின்ட் வேலை. துண்டுகள் சந்திக்கும் வட்ட முகங்களை யாரும் சேர்ப்பதில்லை. அங்கே கண்ணுக்குத் தெரிவது ஒரு கோடு மட்டுமே.

இப்போது பல பவுண்டரிகளில் மாடுலஸைக் கையால் போடுவது குறைந்துவிட்டது. வார்ப்பின் முப்பரிமாணக் கோப்பைக் கொடுத்தால் எந்த இடம் கடைசியில் உறையும் என்பதை மென்பொருள் நிறம் காட்டிச் சொல்கிறது. ஐஐடி மும்பையில் பேராசிரியர் பி. ரவி உருவாக்கிய ஆட்டோகாஸ்ட் நம் நாட்டிலேயே பிறந்த அத்தகைய மென்பொருள். கணினிக்கு உருளையும் தெரியாது, கூம்பும் தெரியாது. அது உருவத்தின் தோலைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி, அவற்றின் பரப்பைக் கூட்டுகிறது. எத்தனை கோணலான பம்ப் உடலும் அதற்கு ஒன்றுதான்.

ஆனால் ஒட்டுப் பிரச்சினை அங்கேயும் பின்தொடர்கிறது. இரண்டு உருவங்களைத் திரையில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துவிட்டு, அவற்றை ஒரே திண்மமாக இணைக்கும் கட்டளையைக் கொடுக்க மறந்தால், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும். உள்ளே இரண்டு முகங்களின் முக்கோணங்களும் அப்படியே இருக்கும். மென்பொருள் அவற்றையும் பரப்பாக எண்ணும். சந்திப்பு உண்மையைவிடச் சீக்கிரம் ஆறுவதாகக் காட்டும். எனவே புதிதாக இந்த வேலைக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் முதலில் இந்த இரண்டு உருளைகளை வரைந்து, பரப்பு எவ்வளவு என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முக்கோணங்கள் வட்டத்துக்கு உள்ளடங்கியே நிற்பதால், சரியாக இணைந்திருந்தால் 1,571க்கு ஒரு மயிரிழை குறைவாக விடை வரும். 1,728ஐ ஒட்டி வந்தால் ஒட்டு இன்னும் ஒட்டவில்லை.